வாலாட்டி கிளம்புவதற்குள்: கொங்குப் பக்கம் நடந்து பார்க்கப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். எங்கள் கோயமுத்தூர்ப் பக்கம் மாசி பிறந்துவிட்டால் ஒன்பது மணி வெயிலே மண்டையைத் துளைக்க ஆரம்பித்துவிடுகிறது. ஆனாலும் விடிந்ததும் இரண்டு மணி நேரத்துக்குக் குளிர் மிச்சம் இருக்கும். காலாற நடந்து, பறவை பார்க்கப் புதிதாகக் கிளம்புகிறவர்களுக்கு அந்த இரண்டு மணி நேரம் தாராளம். தை நடுவில் தொடங்கி பங்குனி முடிய, வாரத்துக்கு ஒரு காலை, ஒரே இடம். நான் சொல்லப்போகும் திட்டம் மொத்தமே இவ்வளவுதான். மீதியெல்லாம் எப்படி என்பது பற்றி.

குளிர் தொடங்கும்போதே போகாமல் முடியப்போகிற நேரத்தில் ஏன் என்று கேட்கலாம். ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்து குளங்கள் கரை தொட நிற்கும். தண்ணீர் நிறைய இருந்தால் பறவைகள் நடுவில் எங்கோ புள்ளி புள்ளியாகத்தான் தெரியும். மாசியில் தண்ணீர் உள்வாங்கி ஓரத்தில் சேறு வெளியே வரும். சேற்றில் புழு, புழுவுக்கு உள்ளான் என்கிற கரைப் பறவை. கரையில் சும்மா நின்றாலே இருபதடி தூரத்தில் வந்து மேயும். மரங்களும் இலை கொட்டி நிற்பதால் கிளையில் உட்கார்ந்திருப்பது வெறும் கண்ணுக்கே தெரியும். இன்னொன்று, குளிருக்கு இங்கே வந்துவிட்டு வடக்கே கிளம்பப்போகும் பறவைகளில் பல இந்த நேரத்தில் நிறம் மாறும். வந்தபோது அழுக்கு வேட்டி மாதிரி இருந்த சூறைக்குருவி, போகும்போது ரோஜா நிறத்தில் மினுக்கிக்கொண்டு போகும். அதே சமயம் உள்ளூர்ப் பறவைகளுக்குப் பாட்டு வந்துவிடும். குண்டுக்கரிச்சான் கரண்ட் கம்பியில் உட்கார்ந்து விடியும் முன்பே பாட ஆரம்பிக்கும். ஆலமரத்துக்குள்ளிருந்து செம்மார்புக் குக்குறுவான் ‘டுக்… டுக்… டுக்’ என்று பாத்திரக்கடைச் சுத்தியல் மாதிரி தட்டிக்கொண்டே இருந்தால் வெயில் காலம் வந்தாயிற்று என்று அர்த்தம்.

முதலில் இடம்

புதியவர்கள் பெரும்பாலும் செய்கிற தப்பு, முதல் நாளே ஆனைமலைக் காட்டில் இருக்கும் டாப்சிலிப்புக்கு வண்டி கட்டுவது. காட்டில் பறவை நிறைய, பார்வை குறைவு. உயரமான மரம், அடர்ந்த இலை, கழுத்து வலி. போய்விட்டு வந்து “ஒண்ணுமே தெரியலைங்க” என்று விட்டுவிடுவார்கள். வீட்டிலிருந்து அரை மணி நேரத்தில் போகக்கூடிய குளம் ஒன்றைப் பிடியுங்கள். அலுப்பில்லாமல் எட்டுப் பத்து வாரம் போக முடிகிற இடமாக இருக்க வேண்டும், அதுதான் முக்கியம்.

நம் ஊருக்குக் குளத்தில் குறைவில்லை. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து கரூர்ப் பக்கம் காவிரியில் சேர்கிற நொய்யலில் அணை கட்டி, வாய்க்கால் வெட்டி, ஒன்றன்பின் ஒன்றாகக் குளங்களை நிரப்பி வைத்தார்கள் நம் முன்னோர். கோவைக்காரர்களுக்கு உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், சிங்காநல்லூர், குறிச்சி, பேரூர், சூலூர் என்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. உக்கடத்திலும் வாலாங்குளத்திலும் இப்போது நடைபாதை போட்டிருப்பதால் வயதானவர்களும் குழந்தைகளும்கூட வரலாம். காதில் கருவி மாட்டிக்கொண்டு வேகநடை போகிறவர்கள் பக்கத்திலேயே கூழைக்கடா மிதப்பதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை என்பது வேறு கதை.

திருப்பூர்க்காரர்களுக்கு நஞ்சராயன் குளம். 2022இல் தமிழகத்தின் 17ஆவது பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள், 2024இல் உலக முக்கியத்துவம் உள்ள நீர்நிலைகளுக்கான ராம்சர் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. பனியன் கம்பெனிகளுக்கு நடுவில் உலக அளவில் பேர் வாங்கிய ஒரு நீர்நிலை இருக்கிறது என்பது அங்கே குடியிருப்பவர்களிலேயே பலருக்குத் தெரியாது. ஈரோட்டுக்காரர்களுக்கு வெள்ளோடு, அது 2022இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. பார்வைக் கோபுரம் உண்டு, மேலே ஏறினால் மஞ்சள்மூக்கு நாரையும் பாம்புத்தாராவும் நன்றாகத் தெரியும். இந்த மூன்றில் எதுவும் பக்கத்தில் இல்லை என்றால் உங்கள் ஊர்க் குட்டையே போதும். குட்டையும் இல்லையா? இட்டேரி இருக்கிறதே. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

கையில் என்ன

முழுக்கால் பேண்ட், ஷூ, தொப்பி, தண்ணீர். சட்டை மண் நிறத்திலோ இலைப்பச்சையிலோ இருக்கட்டும். நான் முதல் முறை போனபோது பொங்கலுக்கு எடுத்த பளிச்சென்ற வெள்ளைச் சட்டையில் போனேன். குளத்தின் இந்தக் கரையில் நான் ஏறினால் அந்தக் கரையில் நாரை எழும்பியது. செருப்போடு போனால் நெருஞ்சி உங்களை வீட்டுக்கு அனுப்பிவிடும்.

சின்ன நோட்டு, ஒரு பென்சில். பேனா வேண்டாம், பனியில் தாள் நமுத்துப்போனால் எழுதாது.

பைனாகுலர் முதல் மாதத்துக்குத் தேவையில்லை, தெரிந்தவர்களிடம் இரவல் கிடைத்தால் சந்தோஷம். வாங்குவதாக இருந்தால் 8×42 என்று போட்டிருப்பதைப் பாருங்கள். 8 என்பது எட்டு மடங்கு பக்கத்தில் காட்டும் என்று. 42 என்பது முன்பக்கக் கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். பெரிய எண்ணாக இருந்தால் நல்லது என்று நினைக்க வேண்டாம். எத்தனை மடங்கு பறவை பெரிதாகிறதோ அத்தனை மடங்கு கை நடுக்கமும் பெரிதாகும்.

வாங்கியவர்கள் பாதிப்பேர் அதைச் சரியாகத் திருகுவதே இல்லை. ஒரு தடவை பொறுமையாக இப்படிச் செய்துவிடுங்கள். இரண்டு குழலையும் விரித்துச் சுருக்கி, இரண்டு வட்டமும் ஒரே வட்டமாகத் தெரியும்படி வையுங்கள். தூரத்தில் கடைப் பலகை எழுத்து ஒன்றைக் குறி வைத்து, வலது பக்கக் கண்ணாடியைக் கையால் பொத்திவிட்டு, நடுவில் இருக்கும் சக்கரத்தைத் திருகி இடது கண்ணுக்கு எழுத்து துல்லியமாகும்வரை கொண்டுவாருங்கள். அடுத்து இடது பக்கத்தைப் பொத்தி, நடுச்சக்கரத்தைத் தொடாமல், வலது கண்ணருகே உள்ள வளையத்தை மட்டும் திருகி அதே எழுத்தைத் தெளிவாக்குங்கள். அந்த வளையம் நிற்கும் இடத்தை நினைவில் வைத்துக்கொண்டால் போதும், அதற்கப்புறம் எப்போதும் நடுச்சக்கரம் மட்டும்தான். கண்ணாடி போடுகிறவர்கள் கண்ணருகே இருக்கும் ரப்பரை மடக்கிவிட வேண்டும்.

பறவையைக் கண்ணாடிக்குள் பிடிப்பதற்கும் ஒரு வழி இருக்கிறது. குனிந்து பைனாகுலரைப் பார்த்து, பிறகு நிமிர்ந்து தேடினால் வானமும் இலையும்தான் தெரியும். பறவை மேல் வைத்த கண்ணை எடுக்காமல், முகத்தை அசைக்காமல், கருவியைக் கண்ணுக்குக் கொண்டுவாருங்கள். வீட்டு மாடியிலிருந்து தென்னையில் உட்காரும் காக்கையை வைத்துப் பத்து நிமிஷம் பழகினால் கை வந்துவிடும்.

குளத்துக் கரையில்

பிப்ரவரி தொடக்கத்தில் கோவையில் சூரியன் 6.45 மணியை ஒட்டி வரும். ஆறரைக்குக் கரையில் இருங்கள். காலையில் கிழக்குக் கரையில் நின்று மேற்கே பாருங்கள், வெயில் உங்கள் முதுகில் விழுந்து பறவை மேல் படும். எதிர்ப்பக்கம் நின்றால் எல்லாம் கறுப்பு நிழல்தான், நாமக்கோழிக்கும் நீர்க்காகத்துக்கும் வித்தியாசம் தெரியாது. சாயங்காலம் போனால் இதைத் தலைகீழாக்கிக்கொள்ளுங்கள்.

போனதும் நடக்காதீர்கள். பத்து நிமிஷம் ஒரே இடத்தில் நில்லுங்கள். நீங்கள் வந்ததால் பறந்து போனவை திரும்பி வர அவ்வளவு நேரம் ஆகும். ஆள்காட்டி மட்டும் கத்திக்கொண்டே இருக்கும், அதன் பேரே அதுதானே. ஆனால் பங்குனிக்குப் பக்கத்தில் அது உங்கள் தலைக்கு மேல் சுற்றிச் சுற்றிக் கத்தினால் வந்த வழியே நாலு எட்டு பின்னால் போங்கள். வெறும் தரையில், கல்லோடு கல்லாக முட்டை வைத்திருக்கும்; கால் வைத்த பிறகுதான் உங்களுக்குத் தெரியும்.

முதல் வாரம் ஐந்து பறவை போதும். பேர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, நான்கு கேள்வி கேளுங்கள். உருவம் சிட்டுக்குருவியா, மைனாவா, காக்கையா, பருந்தா? அலகு எப்படி? எங்கே நிற்கிறது, தண்ணீரிலா, சேற்றிலா, நாணலிலா? என்ன செய்துகொண்டிருக்கிறது? நிறத்தைக் கடைசியில் பாருங்கள். நிறத்தை நம்பி நான் ஏமாந்த கதை ஒன்று உண்டு. ஒரு பங்குனிக் கடைசியில் கரும்பழுப்பு முதுகோடு கொக்கு ஒன்றைப் பார்த்துவிட்டு, அபூர்வப் பறவை என்று நண்பர்கள் நாலு பேருக்குப் போன் போட்டு வரவழைத்தேன். வந்தவர்களில் ஒருவர் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் டீக்கடைப் பக்கம் நடந்துபோனார். குருட்டுக்கொக்கு. இனப்பெருக்க காலத்துச் சட்டையை மாட்டியிருந்தது, அவ்வளவுதான். வருஷம் பூராவும் அதே இடத்தில் நின்றிருந்த கொக்குதான்.

செயல் எவ்வளவு உதவும் என்பதற்கு உள்ளான்களைப் பாருங்கள். சேற்றில் மேயும் பழுப்புக் குருவிகள் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும், புதியவர்களுக்குத் தலை சுற்றும். ஒன்று மட்டும் நடக்கும்போதும் நிற்கும்போதும் இடுப்பை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருந்தால், மார்பின் பழுப்புக்கும் சிறகுக்கும் நடுவே வெள்ளை ஒரு ஆப்பு மாதிரி மேலே ஏறியிருந்தால், அது சாதாரண உள்ளான். முதுகில் பொரி தூவியது போல வெள்ளைப் புள்ளி இருந்தால் பொரி உள்ளான். கால் மட்டும் இளஞ்சிவப்புக் குச்சியாக நீண்டு போய்க்கொண்டே இருந்தால் நெடுங்கால் உள்ளான், அது இங்கேயே இருப்பது. இந்த மூன்றும் பிடிபட்டால் பாதிச் சேறு உங்கள் வசம்.

வாத்துகளில் அகப்பை மாதிரி அலகு வைத்துக்கொண்டு தண்ணீரை உழுது போவது தட்டைவாயன். கண்ணுக்கு மேல் பட்டையாக வெள்ளைப் புருவம் இருந்தால் நீலச்சிறகியின் ஆண். வால் ஊசியாக நீண்டால் ஊசிவால் வாத்து. இவை மூன்றும் வெளியூர். மாசி முடிவதற்குள் எண்ணிக்கை குறைய ஆரம்பிக்கும். மூக்கு நுனியில் மஞ்சள் பொட்டு வைத்த புள்ளிமூக்கு வாத்து நம்மூர். தண்ணீருக்கு மேல் தாழப் பறந்து கொத்தும் மீசை ஆலாவையும் கவனியுங்கள். தையில் வெளிறிப்போய் இருக்கும், பங்குனியில் தலை கருந்தொப்பி போட்டு, வயிறு கறுத்து வரும்.

இட்டேரியும் கொரங்காடும்

குளத்தை விட எனக்குப் பிடித்தது இட்டேரி. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், இரண்டு பக்கமும் வேலி, நடுவில் வண்டித்தடம், தோட்டத்துக்குத் தோட்டம் போகிற பாதை. வேலி என்றால் கம்பி வேலி இல்லை. கிளுவை, கள்ளி, கற்றாழை, பிரண்டை, கோவைக்கொடி, இடையில் ஒரு வேம்பு, ஒரு பனை. எறும்பிலிருந்து கீரி வரைக்கும் அதற்குள் ஒரு குடித்தனமே நடக்கும். இப்போது பல இட்டேரிகளில் வேலியை ஜேசிபியால் வழித்துவிட்டுத் தார் போட்டுவிட்டார்கள். உங்கள் ஊரில் மிச்சம் இருக்கிறதா என்று ஒரு சாயங்காலம் வண்டியில் சுற்றிப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

இட்டேரியில் காதுதான் முதல் கருவி. வேலிக்குள்ளிருந்து ‘டக், டக்’ என்று நாக்கைச் சொடுக்குவது போலச் சத்தம் வந்து, ஆள் மட்டும் தெரியவே இல்லை என்றால் பெரும்பாலும் அது நாணல் கதிர்க்குருவி. உள்ளங்கைக்குள் அடங்குகிற உடம்பு, குளிருக்கு இமயத்தைத் தாண்டி வந்திருக்கிறது. நின்று நிதானித்தால் ஒரு நொடி வெளியே வந்து எட்டிப் பார்க்கும். வேலியின் மேல் முள்ளில் முகமூடி போட்ட திருடன் மாதிரி உட்கார்ந்திருப்பது பழுப்புக் கீச்சான், அதுவும் வெளியூர்தான். தவிட்டுக்குருவிகள் ஏழெட்டாகச் சேர்ந்து கச்சேரி வைத்தால் அந்த இடத்தில் பாம்போ கீரியோ இருக்கலாம், காலடியைப் பார்த்து வையுங்கள். செம்பூத்து குறுக்கே போனால் நல்ல சகுனம் என்பார்கள். போனால் சந்தோஷம்.

தென்னந்தோப்பு, மாந்தோப்புப் பக்கம் வீடு இருப்பவர்களுக்கு ஒன்று. காலை ஆறு, மாலை ஆறு மணியளவில் இரண்டு சுரத்தில் ஒரு விசில் கேட்டால் அது ஆறுமணிக்குருவி. ஒன்பது நிறம் பூசிய பறவை சருகுக்குள் கோழி மாதிரி கிளறிக்கொண்டிருக்கும். அதுவும் சித்திரைக்குள் கிளம்பிவிடும்.

காங்கேயம், தாராபுரம் பக்கம் போகக்கூடியவர்கள் ஒரு வாரத்தையாவது கொரங்காட்டுக்கு ஒதுக்குங்கள். கீழே கொழுக்கட்டைப்புல், மேலே வெள்வேல மரம், சுற்றிலும் கிளுவை வேலி. காங்கேயம் மாடும் செம்மறியும் மேய்வதற்காகத் தலைமுறை தலைமுறையாக வைத்திருக்கும் மேய்ச்சல் நிலம். பாலை மாதிரி தெரியும். அங்கேதான் பனங்காடை. உட்கார்ந்திருக்கும்போது மண் நிறம். எழும்பினால் இறக்கை முழுக்க நீலம். மாசி, பங்குனியில் ஆண் உயரப் பறந்து, அங்கிருந்து கரணம் போட்டுக்கொண்டே கத்திக்கொண்டு விழும், பார்த்துக்கொண்டே இருக்கலாம். புல்லுக்கு மேல் ஆளுயரத்தில், இறக்கையை லேசாக மேலே தூக்கி வைத்துக்கொண்டு மிதந்தபடி தேடிப் போகும் பருந்து தெரிந்தால் அது பூனைப்பருந்து. அதுவும் குளிர்கால விருந்தாளி, புல் காய்ந்து முடிவதற்குள் போய்விடும். புல்லுக்குள்ளே கவுதாரி, வானம்பாடி.

கொரங்காடு எல்லாம் பட்டா நிலம். வேலிக்கு வெளியே நின்றே முக்கால்வாசி பார்த்துவிடலாம். உள்ளே போக வேண்டும் என்றால் கேட்டுவிட்டுப் போங்கள். கேட்டால் யாரும் மறுத்ததில்லை. ஒரு தடவை ஊதியூர்ப் பக்கம் வேலியோரம் நான் வெகுநேரம் குத்துக்கால் போட்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்த ஆடு மேய்க்கிற அம்மா ஒருவர் கேட்டார்:

“ஏஞ்சாமி, என்னத்தத் தொலைச்சுப்போட்டுத் தேடற?”

“ஒண்ணுமில்லீங்கம்மா, குருவி பாக்கறனுங்க.”

“குருவி பாக்கறதுக்குக் கோயமுத்தூர்லருந்து வரோணுமா? பொழுதோட எங்க கட்டுத்தரைக்கு வந்தீன்னா பனைமரத்துப் பொந்துல ரெண்டு ஆந்தை குந்தியிருக்கும், நாங் காட்டறேன்.”

போனேன். இரண்டு இல்லை, மூன்று புள்ளி ஆந்தைகள் இருந்தன. உள்ளூரில் ஆடு மாடு மேய்ப்பவர்களிடம் பேச்சுக் கொடுங்கள், எந்தச் செயலியையும் விட அதிகம் சொல்வார்கள். பதிலுக்கு ஒரே ஒரு மரியாதை: திறந்த படலைத் திறந்த கையோடு மூடிவிட வேண்டும். பட்டி ஆடு வெளியே போய்விட்டால் தேடுவதற்கு ஒரு நாள் போகும்.

தோட்டத்து நாய்தான் இந்தப் பக்கத்தின் நிஜமான ஆபத்து, சிறுத்தை எல்லாம் அப்புறம். நாய் குரைத்துக்கொண்டு வந்தால் ஓடாமல், கல்லை எடுக்காமல் நின்று, “வூட்ல யாருங்க?” என்று சத்தமாகக் கூப்பிடுங்கள். தோட்டத்துச் சாளை வீட்டிலிருந்து யாராவது அதட்டுவார்கள். பாம்பைப் பொறுத்தவரை, காலை வெயிலுக்குத் தடத்தில் வந்து படுத்திருக்கும், கண்ணாடி விரியன் சருகோடு சருகாகக் கிடக்கும். புல் மேலும் கல்லிடுக்கிலும் காலையோ கையையோ பார்க்காமல் வைக்க வேண்டாம். ஒருவேளை கடித்துவிட்டால் கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் கூடாது. ஆளை அசையாமல் வைத்து 108ஐ அழைத்து, விஷமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். ஆடு மேய்ந்த புல்லில் நடந்து வந்தால் வீட்டில் கால் முழுக்க உண்ணி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் குளியுங்கள்.

இந்த மாதங்களில் மரங்களையும் விடக்கூடாது. இலையே இல்லாமல் சிவப்பாகப் பூத்து நிற்கும் முள்ளிலவு மரம் ஒன்று கண்ணில் பட்டால் அன்றைக்கு வேறெங்கும் போக வேண்டாம். அதன் கீழே ஒரு மணி நேரம் உட்காருங்கள். மைனா, கரிச்சான், மாங்குயில், காக்கை, அணில், எல்லாம் தேன் குடிக்க வரும். சூறைக்குருவிக் கூட்டம் இறங்கினால் மரமே இரையும். சோளக்காட்டுக்காரர்கள் அதைச் சோளக்குருவி என்று திட்டுவார்கள். கல்யாண முருங்கையிலும் புரசிலும் இதே கூட்டம்தான்.

காடு, கடைசியில்

ஐந்தாறு வாரம் ஆகிவிட்டதா? சரி, இப்போது மலைக்குப் போகலாம். ஆனால் காடு விஷயத்தில் சில கண்டிப்புகள் உண்டு. வனத்துறை அனுமதி இல்லாமல் காப்புக்காட்டுக்குள் நுழைவது குற்றம். பிப்ரவரி நடுவிலிருந்து புல் காய்ந்து தீப்பிடிக்கும் காலம் தொடங்குவதால் மலையேற்றப் பாதைகளை மூடிவிடுவார்கள். 2018 மார்ச்சில் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி மலையேறப் போனவர்கள் இறந்ததை மறந்திருக்க மாட்டோம். ஆகவே கிளம்பும் முன்பே வனத்துறையிடம் எது திறந்திருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

டாப்சிலிப்பில் வனத்துறை வண்டியிலேயே அழைத்துப் போவார்கள். தேக்கு இலை கொட்டியிருப்பதால் காட்டுமாடும் மானும் தூரத்திலேயே தெரியும். வால்பாறைச் சாலையில் ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவு. ஒன்பதாவது வளைவுப் பக்கம் பாறைகளில் வரையாடு நிற்கும். வால்பாறை ஊரை ஒட்டிய புதுத்தோட்டத்தில் சிங்கவால் குரங்குகள் சாலைக்கே வரும். தயவுசெய்து எதுவும் போடாதீர்கள். சாலையோரம் தின்னப் பழகிய குரங்கு வண்டியில் அடிபட்டுச் சாகும். பெரிய இருவாச்சியைத் தேடுகிறவர்களுக்கு ஒரு துப்பு: இந்த மாதங்களில் பெண் மரப்பொந்துக்குள் இருந்துகொண்டு வாயிலைப் பூசி அடைத்துவிட்டு அடைகாக்கும். வெளியே ஆண் மட்டும் தனியாகப் பழம் சுமந்துகொண்டு போய் வரும். அதைப் பின்தொடர்ந்து பொந்துக்குப் பக்கத்தில் போய்விட வேண்டாம், மிரண்டு அது வராமல் போனால் உள்ளே இருப்பவை பட்டினி.

அமராவதி அணைப்பக்கம் முதலைப் பண்ணை உண்டு, குழந்தைகளோடு போக நல்ல இடம். சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்தில் திம்பம் சாலையில் 27 வளைவு. பவானிசாகர் பக்கத்துப் புதர்க்காட்டில் வெளிமான் உண்டு. காட்டுச் சாலையில் எங்கும் வண்டியை விட்டு இறங்க வேண்டாம்.

யானையைப் பற்றித் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். தடாகம், மருதமலை, தொண்டாமுத்தூர், ஆனைகட்டிப் பக்கம் காட்டோரம் குடியிருப்பவர்களுக்குத் தெரியும், வெயில் ஏற ஏற தண்ணீருக்கும் தோட்டத்துக்கும் அவை கீழே இறங்கும். விடியும் முன்பும் பொழுது சாய்ந்த பின்பும் அந்த ஓரங்களில் நடக்கவே கூடாது. நன்றாக வெளிச்சம் வந்தபின், உள்ளூர்க்காரர் ஒருவரோடு மட்டும். ஈரம் காயாத யானை லத்தி, அப்போதுதான் உரிந்த மரப்பட்டை கண்ணில் பட்டால் போட்டோ எடுக்க நிற்காமல் திரும்பிவிடுங்கள்.

எழுதி வையுங்கள்

நோட்டில் தேதி, நேரம், இடம், என்ன, எத்தனை, என்ன செய்தது. அவ்வளவுதான். பெயர் தெரியாததை ‘மைனா அளவு, வால் ஆட்டியது, வாய்க்கால் ஓரம்’ என்று எழுதி வைத்தால் பின்னால் தெரிந்துவிடும். மெர்லின் என்கிற செயலி இலவசம், போட்டோவையும் சத்தத்தையும் வைத்துப் பேர் சொல்லும். ஆனால் நீங்களாக ஒரு யூகம் செய்த பிறகு திறந்து பாருங்கள், இல்லாவிட்டால் கண்ணும் காதும் பழகாது. அதில் இருக்கிற சத்தத்தை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைக்கும் வேலை மட்டும் வேண்டாம். கூடு கட்டும் காலத்தில் எதிரி வந்துவிட்டான் என்று அது வேலையை விட்டுவிட்டு அலையும். ஆந்தை இருக்கும் மரத்தைப் போட்டோவோடு இடம் போட்டுப் பகிர்வதும் அப்படித்தான்.

பார்த்த பறவைகளைப் பதிவு செய்யும் இ-பேர்ட் தளத்தில் கணக்குத் தொடங்கினால் நீங்கள் எண்ணியது ஆய்வாளர்களுக்கும் பயன்படும். வருஷா வருஷம் பிப்ரவரி நடுவில் நான்கு நாள் உலகம் முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கும், 1998இல் தொடங்கியது. இந்தியாவில் 2013 முதல் கலந்துகொள்கிறோம். குறைந்தது பதினைந்து நிமிஷம் பார்த்ததை எல்லாம் எண்ணிப் பதிவிட வேண்டும். மொட்டை மாடியில் நின்று எண்ணினாலும் சேரும். புதியவர்களுக்கு அந்த நான்கு நாட்கள் நல்ல தொடக்கம், கல்லூரிகளில் பழகியவர்கள் கூட இருப்பார்கள்.

ஒன்பது மணிக்குள் திரும்பிவிடுங்கள். அதற்கு மேல் பறவையும் நிழலுக்குப் போய்விடும், நமக்கும் பசிக்கும். வழியில் எங்காவது சுடச்சுடச் சந்தகை கிடைத்தால் அதை விடாதீர்கள், தேங்காய்ப்பால் விட்டு.

பங்குனி வந்ததும் நோட்டில் இன்னொரு பக்கம் ஒதுக்கி, ஒவ்வொன்றையும் கடைசியாகப் பார்த்த தேதியை எழுதுங்கள். வந்த தேதி எல்லாரும் எழுதுவார்கள், போன தேதி யாரும் எழுதுவதில்லை. ஏனென்றால் அன்றைக்கு அதுதான் கடைசி என்று தெரியாது. எங்கள் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி வழிகிற ஈரத்தில் கருஞ்சாம்பல் வாலாட்டி ஒன்று புரட்டாசியிலிருந்து தினமும் வரும். மஞ்சள் வயிறு, நில்லாமல் ஆடும் வால். மாசிக் கடைசியில் அதன் வெள்ளைத் தொண்டையில் முதலில் மிளகு தூவியது போல் இரண்டு கரும்புள்ளி. நாலைந்து நாளில் புள்ளிகள் சேர்ந்து மை தீற்றியது போல ஆகின. தொண்டை முழுக்கக் கறுத்த மூன்றாம் நாள் காலை தொட்டி வழிந்துகொண்டிருந்தது, அது வரவில்லை. முந்தின நாள் தேதியைப் பார்த்து, அடியில் கோடு போட்டு வைத்தேன்.